இணைப்பில் உதிர்ந்த பெயர்கள்

“அண்ணா, லிஸ்டில அந்த அம்மாட பேரைக் காணேல்லையே. நான்தானே பதிஞ்சு அனுப்பினன்?”

மூதூரிலிருந்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் இப்படிக் கேட்டபோதுதான் என் பிழை எனக்கே தெரிந்தது. மீனவக் குடும்பங்களுக்கு வலை வாங்க உதவும் திட்டம் அது. ஊர் ஊராகப் போய் எடுத்த விபரம் எக்செல் கோப்பில் இருந்தது. ஏற்கெனவே பதிவான குடும்பங்களின் விபரம் திருகோணமலை அலுவலகத்தில், எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளத்தில். தரவுகளை எடுத்து இணைக்கும் பவர் குவெரி என்ற கருவி எக்செல் 2016 இலிருந்து உள்ளேயே வருவதால், இரண்டையும் அதில் கொண்டுவந்து அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பொருத்தினேன். கோப்பில் 312 பேர், பொருந்தியது 271. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. மிச்சம் 41 பேரும் பதிவில்லாதவர்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அவர்களில் பெரும்பாலானோர் பதிவில் இருந்தார்கள்.

நம் இலங்கை அடையாள அட்டை இலக்கத்துக்கு இரண்டு வடிவம். பழையது 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வந்தது 12 இலக்கம். ஒரே ஆள் தரவுத்தளத்தில் பழைய இலக்கத்தோடும் கோப்பில் புதியதோடும் இருந்தால், கணினிக்கு அது இரண்டு ஆள். மாற்றுவது சுலபம்: முன்னால் 19, பிறகு பழைய இலக்கத்தின் முதல் ஐந்து, ஒரு பூச்சியம், கடைசி நான்கு. 721234567 என்ற கற்பனை இலக்கம் 197212304567 ஆகும். இரண்டு பக்கத்தையும் இப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே பொருத்த வேண்டும்.

அப்புறம் அந்த வீ எழுத்து. எஸ்கியூஎல் சேர்வரில் வழக்கமான அமைப்பில் சின்ன வீயும் பெரிய வீயும் ஒன்றுதான். பின்னால் ஒட்டிய இடைவெளியையும் அது பொருட்படுத்தாது. பவர் குவெரியோ இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும். சேர்வரில் சரியாக ஓடிய அதே ஒப்பீடு இங்கே சத்தமில்லாமல் ஆட்களை விட்டுவிடும்.

இதைவிட மோசமானது சீஎஸ்வி, அதாவது அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வகை. 12 இலக்கத்தை எக்செல் சாதாரணக் கட்டத்தில் 1.97212ஈ+11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சீஎஸ்வியாகச் சேமித்தால் சுருக்கியதுதான் கோப்புக்குள் போகும், பின்பாதி திரும்பி வராது. இலக்கத்தின் முன்பாதி பிறந்த ஆண்டையும் நாளையும் வைத்து அமைவதால், ஒரே ஆண்டில் அடுத்தடுத்த நாட்களில் பிறந்த சிலருக்கு ஒரே இலக்கம் வந்துவிடும். இலக்கத்தைத் தட்டுவதற்கு முன்பே அது வரும் நிரலை (கொலத்தை) ‘டெக்ஸ்ட்’ என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பெயரை வைத்துப் பொருத்தலாமே என்று தோன்றும். ஆனால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் நம் அலுவலகங்களில் இன்னும் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். இப்போது எல்லோரும் தட்டும் யுனிகோட் முறையில் உள்ள பெயரோடு அவை ஒருநாளும் பொருந்தா.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பொருந்தாதவர்களைத்தான். இணைப்பு வகையில் ‘லெஃப்ட் அன்டி’ என்று ஒன்று உண்டு. கோப்பை முதல் அட்டவணையாக வைத்தால், தரவுத்தளத்தில் கிடைக்காதவர்களை மட்டும் அது தரும். நான் அன்று எடுத்தது ‘இன்னர்’, பொருந்தியவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும் வகை. எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து: தரவுத்தளத்தில் ஒரே இலக்கம் இரண்டு முறை இருந்தால் ஒரு குடும்பம் இரண்டு வரியாகும், உதவியும் இரண்டு முறை போகும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கோப்பையும் தரவுத்தளத்தையும் சேர்க்கும்போது தனியுரிமை நிலை கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் ‘புறக்கணி’ என்று கிளிக் செய்துவிடுகிறோம். அப்படிச் செய்தால், கோப்பில் உள்ள இலக்கங்களைக் கேள்வியோடு சேர்த்துச் சேர்வருக்கு அனுப்ப பவர் குவெரிக்கு வழி திறக்கிறது. சேர்வர் வேறொருவருடையது என்றால், அந்த இலக்கங்கள் அவர்களின் பதிவேடுகளிலும் தங்கக்கூடும். நோயாளர் விபரம், இடம்பெயர்ந்தோர் விபரம் உள்ள கோப்பை ‘தனிப்பட்டது’ என்றே குறியுங்கள், வேலை கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நமக்கு இருக்கிறது.

இப்போது பொருந்தாதவர்களின் தாளை அச்சிட்டு, பட்டியல் மேலே போவதற்கு முன் வெளிக்கள உத்தியோகத்தரிடம் கொடுக்கிறேன். அந்த அம்மாவின் இலக்கத்தில் கடைசி வீக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்தது. அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், பெயர் வந்தது. வலை அவருக்கு இரண்டாம் கட்டத்தில்தான் கிடைத்தது.