கார்ட்டூன் என்றால் அட்டை

எங்கள் தெருமுனைச் சலூன் பெஞ்சில்தான் நான் படம் பார்க்கப் பழகினேன். முடிவெட்ட நான்கு பேர் காத்திருப்பார்கள். அன்றைய தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கு ஒன்றாகக் கைமாறும். கன்னித்தீவு இருக்கும் தாள் யாரிடம் இருக்கிறது என்பதே என் கவலை. பெஞ்சுக்கு அடியில் அட்டை கிழிந்த பழைய வாரப் பத்திரிகைகள் கிடக்கும். பக்கத்தைப் புரட்டினால் நடுவிலிருந்து முடித்துணுக்கு உதிரும். அதையும் ஊதித் தள்ளிவிட்டு ஜோக்குகளைப் பார்ப்பேன். சலூன் என்ற சொல்லும் கார்ட்டூன் என்ற சொல்லும் பங்காளிகள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இத்தாலிய மொழியில் ஒரு பெயர்ச்சொல்லின் கடைசியில் ‘ஓனே’ சேர்த்தால் ‘பெரிய’ என்று பொருள் வந்துவிடும். சாலா என்றால் கூடம், சலோனே பெருங்கூடம். பல்லா என்றால் பந்து, பல்லோனே பெரும்பந்து. கார்த்தா என்றால் காகிதம், கார்த்தோனே பெரிய, தடித்த காகிதம். இந்த மூன்றும் ஆங்கிலத்துக்குள் வந்து ‘ஊன்’ என்ற வாலோடு சலூன், பலூன், கார்ட்டூன் ஆயின. நாமும் மூன்றையும் அப்படியே வாங்கிக்கொண்டோம். ஆக, கார்ட்டூன் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் அட்டை. மளிகைக் கடையில் சாமான் வந்திறங்கும் கார்ட்டன் பெட்டியும் இதே சொல்தான், பிரெஞ்சு வழியாக வேறு வாசலில் நுழைந்தது. லத்தீன் கார்த்தாவிலிருந்து வந்த கார்டு, சார்ட் எல்லாம் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்.

சரி, அட்டை எப்படிச் சிரிப்புப் படம் ஆனது? நடுவில் ஒரு நீண்ட காலம் அதில் சிரிப்பே கிடையாது. சுவரோவியமோ கம்பளமோ செய்வதற்கு முன், அதே அளவில் தாளில் ஒரு மாதிரிப்படம் போட்டுக்கொள்வார்கள். அந்தத் தாளுக்குத்தான் கார்த்தோனே என்று பெயர். கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைச் சுவரில் வைத்து, கரித்தூள் முடிச்சால் தட்டினால் படம் புள்ளிகளாகச் சுவரில் இறங்கும். இதில் புரியாதது ஒன்றுமில்லை. நம் ஊரில் ஆரி வேலை செய்பவர்கள் டிரேசிங் தாளில் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து ரவிக்கைத் துணியில் டிசைனை இறக்குவதும் இதே வித்தைதான்.

இந்த அர்த்தத்தில் உலகின் மிகப் பெரிய கார்ட்டூனிஸ்டு இத்தாலிய ஓவியர் ரஃபேல். வாடிகனின் சிஸ்டைன் தேவாலயத்துக்கான திரைக்கம்பளங்களுக்குப் படம் வரையச் சொல்லி 1515இல் பத்தாம் லியோ போப் அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவர் வரைந்த தாள்கள் பிரசல்ஸ் நெசவாளர்களிடம் போயின. அவர்கள் அவற்றைப் பட்டை பட்டையாக வெட்டித் தறிக்கு அடியில் வைத்து, பின்பக்கமிருந்து நெய்தார்கள். அதனால் கம்பளத்தில் படம் இடவலம் மாறி வரும். ரஃபேல் அதையும் கணக்கில் வைத்தே வரைந்திருக்கிறார். தப்பிப் பிழைத்த 7 தாள்கள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரஃபேல் கார்ட்டூன்கள் என்று பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தயாராக உள்ளே போகிறவர் ஏமாந்துபோவார்.

கார்ட்டூனுக்குத் தமிழ் என்ன என்று கேட்கிறவர்கள் இந்த முதல் பொருளைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம். ஏனென்றால் இந்தப் பொருளுக்கு நெருக்கமான சொல் நம்மிடம் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது: புனையா ஓவியம். நெடுநல்வாடையில் அரசன் பாசறையில் இருக்கிறான். அரசி பொன்வளைகளைக் களைந்து, பழைய நூலாடையோடு கட்டிலில் கிடக்கிறாள். அவளைப் புலவர் ‘புனையா ஓவியம்’ போல என்கிறார். வண்ணம் தீட்டாமல் கோட்டால் வடிவம் மட்டும் எழுதிய சித்திரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் சொல்கிறார். மணிமேகலையிலும் இந்தத் தொடர் வருகிறது. வண்ணம் பூசுமுன் நிற்கிற வெறுங்கோட்டுப் படத்துக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்ட கதைக்கு வருவோம். அதற்கு மாதமும் ஆண்டும் உண்டு, 1843 ஜூலை. 1834இல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துபோனது. புதுக் கட்டடத்தின் சுவர்களுக்கு ஓவியம் வேண்டுமென்று போட்டி வைத்து, வந்த மாதிரிப்படங்களை, அதாவது கார்ட்டூன்களை, கண்காட்சியாக வைத்தது அரசு. ஊரில் பசியும் பட்டினியும் தாண்டவமாடிய நேரம். பஞ்ச் என்ற நையாண்டிப் பத்திரிகை, ‘நாங்களும் கார்ட்டூன் போடுகிறோம்’ என்று கிளம்பியது. ஜான் லீச் வரைந்த முதல் படத்தில் கந்தலுடுத்த ஏழைகளும் குழந்தைகளும் ஒரு கண்காட்சியில் நின்று பெரிய மனிதர்களின் ஓவியங்களை வெறித்துப் பார்க்கிறார்கள். மேலே ‘கார்ட்டூன் எண் 1’ என்று போட்டார்கள். அரசின் சொல்லை எடுத்து அரசையே குத்திய வேலை. குத்து மறந்துபோனது, பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது தமிழ்ச் சொற்கள். கேலிச்சித்திரம் என்பதுதான் அதிகம் புழங்குகிறது; இலங்கைப் பத்திரிகைகளில் இன்னும் கூடுதலாக. ஆனால் அது கார்ட்டூனைவிட காரிகேச்சருக்குத்தான் சரியாகப் பொருந்தும். காரிகேச்சரும் இத்தாலியச் சொல்தான். வண்டியில் பாரம் ஏற்றுவது என்று அதற்கு அர்த்தம். மூக்கு நீளமென்றால் மூக்கில் இன்னும் கொஞ்சம் ஏற்று, தொப்பை இருந்தால் தொப்பையில் ஏற்று. எவ்வளவு ஏற்றலாம் என்பதில்தான் கைத்திறன் தெரியும். ஆனந்த விகடனில் 1930களில் மாலி போட்ட சங்கீத வித்வான்களின் படங்களைப் பாருங்கள். வித்வான் வாயைத் திறந்திருக்கும் விதத்தை வைத்தே, அவர் எந்தச் சங்கதியோடு மல்லுக்கட்டுகிறார் என்று யோசிக்கத் தோன்றும். அச்சு அசல் அந்த ஆள்தான், ஆனால் அந்த ஆளைவிடக் கொஞ்சம் கூடுதல். மாலி அளவோடு ஏற்றினார். இன்றைக்குப் பலர் தலையை மட்டும் பூசணிக்காய் அளவுக்குப் பெருக்கி, கீழே சின்ன உடம்பை ஒட்டிவிட்டால் கேலிச்சித்திரம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வண்டி குடைசாய்ந்துவிடுகிறது.

செய்தித்தாளின் அரசியல் கார்ட்டூனுக்கு கருத்துப்படம் என்பதே சரி என்பது என் கட்சி. அதில் சிரிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கருத்து இல்லாமல் முடியாது. தமிழ்ப் பத்திரிகையில் இதற்குப் பெரிதாக அடித்தளம் போட்டவர் பாரதியார். 1906இல் சென்னையில் தொடங்கி, பிறகு புதுச்சேரிக்குப் பெயர்ந்து, 1910 வரை வந்த ‘இந்தியா’ பத்திரிகையில் கருத்துப்படங்கள் தொடர்ந்து வந்தன. படத்தோடு விளக்கமும் சேர்ந்து வந்தது. படங்களுக்கென்றே ‘சித்திராவளி’ என்று ஒரு பத்திரிகை நடத்தவும் திட்டம் வைத்திருந்தார், அது கைகூடவில்லை. அவர் விளக்கம் எழுதியது நியாயம், வாசகர்களுக்கு அந்த வடிவமே புதிது. நூறு வருஷம் கழித்தும் யானை வரைந்து அதன் முதுகில் ‘விலைவாசி’ என்றும், அடியில் நசுங்கும் ஆள்மேல் ‘பொதுஜனம்’ என்றும் எழுதுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் எதற்கு ஐயா யானை?

குறிப்பிட்ட அரசியல் சேதியும் இல்லாமல் ஆள்சாயலும் இல்லாமல் வருகிற ஜோக்குப் படம் இன்னொரு வகை. டாக்டர், மாமியார், மன்னர், கபாலித் திருடன். இதற்குத் துணுக்குப் படம் என்ற சொல் உண்டு என்றாலும் ஜோக் என்றே சொல்கிறோம், தப்பில்லை. சாதுவான வகைதான். ஆனால் தமிழ்நாட்டில் சட்டமன்றமே கொதித்தது இந்த வகைக்குத்தான். 1987இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டலடித்து விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. யாருடைய சாயலும் அதில் இல்லை. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது; எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த ஜோக்குப் படம் என்றால் கோபுலுதான். கல்யாண வீடு, திண்ணை, ரயில் பெட்டி என்று எதை வரைந்தாலும் மூலையில் தன்பாட்டுக்கு வேலை பார்க்கும் ஒரு ஆள் இருப்பார். ஜோக்கைப் படித்து முடித்தபிறகு கண் அந்த மூலைக்குப் போகும். மதனின் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவும் பிடிக்கும். அதில் பின்னணியே வேண்டாம், அந்த ஆளின் கவலை முகம் போதும்.

இன்றைய பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் என்றால் டிவியில் ஓடுவது. அதற்கும் காரணம் இருக்கிறது. அசையும் படத்தை முதலில் உருவாக்கியவர்களில் பலர் பத்திரிகை ஓவியர்கள். 1914இல் ஜெர்டி என்ற டைனோசரைத் திரையில் நடக்கவைத்த வின்சர் மக்கே, நாளிதழில் படத்தொடர் போட்டுக்கொண்டிருந்தவர். வரைகிறவர்களோடு பெயரும் திரைக்குப் போய்விட்டது. தமிழில் இதற்கு அசைவூட்டம், இயங்குபடம் என்று சொற்கள் செய்திருக்கிறார்கள், பாடநூலுக்கு ஆகும். எங்கள் பாட்டி சொன்னது பொம்மைப் படம். யாரும் குழு போட்டு உருவாக்காத சொல், கேட்டதும் புரிகிறது. அதையே நானும் சொல்கிறேன்.

கடைசியாக காமிக்ஸ். காமிக் என்றால் சிரிப்பூட்டுவது. ஆரம்பத்தில் சிரிப்புத் தொடர்களுக்கு வைத்த பெயர், பிறகு முகமூடி வீரர் வேதாளர் குத்துவிடும் கதைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த வகையில் நம் படக்கதை, சித்திரக்கதை எல்லாம் மூலச்சொல்லைவிடச் சரியானவை. வடிவத்தைச் சொல்கின்றன, சிரிப்பை வாக்குக் கொடுப்பதில்லை. 1960இலிருந்து ஓடும் கன்னித்தீவும் படக்கதைதான். ‘கன்னித்தீவு மாதிரி நீளுது’ என்று கோர்ட்டு கேஸைச் சொல்லும் அளவுக்கு அது பேச்சில் கலந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், சலூனில் அதற்காகச் சண்டை போட்டேனே தவிர அந்தப் படங்கள் எனக்குப் பெரிதாகப் பிடித்ததில்லை. ஒரு நாள் விட்டாலும் ஒன்றும் குறையாது.

பிடித்தது இரும்புக்கை மாயாவி. 1962இல் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய கதை. நீண்ட காலம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக அதைத்தான் கொண்டுவந்தது. இப்போது இப்படிப்பட்ட பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றுகிறார்கள். என் கட்சி பழையதுதான். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. கட்டத்துக்குள் ஒரு கதவு, தாழ்ப்பாளின் மேல் மணிக்கட்டோடு நிற்கிற ஒரு கை, மீதியெல்லாம் வெள்ளைத் தாள்.