குறைமாதக் குழந்தைக்குக் கண் சோதனை: தென்னாப்பிரிக்காவில் உங்களுக்கு உள்ள உரிமை

டர்பனில் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டால் எல்லார் கவனமும் எடையில்தான் இருக்கும். இன்றைக்கு எத்தனை கிராம் ஏறியிருக்கிறது, எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று கேட்பார்கள். கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் ஓரம்வரை வளர்ந்து முடியும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நின்று, பிறகு தாறுமாறாகக் கிளம்பலாம். இந்த விழித்திரை நோயை ஆர்.ஓ.பி. (ROP) என்பார்கள், கண் சோதனை இதைக் கண்டுபிடிக்கத்தான். மூச்சுக்காகக் கொடுக்கும் ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் ஆபத்து கூடும். பல குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும். சிலருக்கு விழித்திரையே பிய்ந்து பார்வை போய்விடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்று நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது.

2013இல் வந்த தென்னாப்பிரிக்க வழிகாட்டு நெறியின்படி, 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்கும் சோதனை வேண்டும். 2,000 கிராம்வரை உள்ளவர்களுக்கும், பலமுறை ரத்தம் ஏற்றியது போன்ற காரணம் இருந்தால் பார்ப்பார்கள். பிறந்து 4 முதல் 6 வாரம், அல்லது கர்ப்பம் தொடங்கியதிலிருந்து எண்ணும் கணக்கில் 31 முதல் 33 வாரம். இரண்டில் எது பிந்தி வருகிறதோ அப்போது முதல் சோதனை.

சிக்கல் இங்கேதான். அதற்குள் பல குழந்தைகள் வீடு வந்துவிடுகின்றன. வீட்டில் பெரியவர்கள், "நாற்பது நாள் ஆகட்டும், அப்புறம் வெளியே எடுக்கலாம்" என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த நாற்பது நாளுக்குள்ளேயே சோதனை நாள் வந்துவிடலாம். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போதே தேதியையும் இடத்தையும் கேட்டு குழந்தையின் எடையும் தடுப்பூசியும் குறிக்கும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். ஒரே தடவையோடு முடியாது. குழாய்கள் முழுதாக வளரும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லலாம்.

சோதனையின்போது கண்ணின் கருமணி விரிய மருந்துச் சொட்டு விடுவார்கள். இமை மூடாமலிருக்கச் சின்னக் கம்பி மாட்டுவார்கள். குழந்தை வீறிட்டு அழும், தாய்க்கு வயிறு பிசையும். நாக்கில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் கொஞ்சம் அடங்கும். நோய் முற்றியிருந்தால் லேசர் சிகிச்சையை இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

செலவு? 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி, மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்புத் திட்டம் இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் இலவசம். இந்தச் சலுகை 1994 ஜூனிலேயே தொடங்கியது. மெடிக்கல் எய்ட் இருந்தால் பிறந்த 30 நாளுக்குள் குழந்தையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். டர்பனின் பெரிய சிறப்பு மருத்துவமனையான இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு நேராகப் போக முடியாது, உங்கள் மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். போய்வர வண்டிக்கு வழியில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். நோயாளிகளை அழைத்துப் போகும் வண்டியில் மருத்துவமனையே இடம் போட்டுத் தரும்.

பார்வை போய், குழந்தைக்கு முழுநேரக் கவனிப்பு தேவைப்பட்டால், 18 வயதுவரை அரசின் சமூக உதவித்தொகை நிறுவனமான சாசா (SASSA) தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவரின் மதிப்பீடும் பெற்றோரின் வருமானக் கணக்கும் கேட்பார்கள்.