மணலைத் தின்னும் எஞ்சின்: பாலைவனப் போர் விமானத் தளம் எப்படி இயங்குகிறது?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கு ஏர் ஃபில்டரின் அருமை தெரியும். ஃபில்டர் கிழிந்தால் தூசி சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும், வண்டி புகை கக்கும். அப்படியிருக்க, ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் பறக்கும் போர் விமானத்துக்கு ஏன் ஃபில்டர் இல்லை?

காரணம், அது குடிக்கும் காற்றின் அளவு. ஜோத்பூரில் நிற்கும் சுகோய்-30 எம்கேஐயின் ஒரு எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்கு சுமார் 112 கிலோ காற்றை இழுக்கும். லாரி எஞ்சினுக்கு அவ்வளவு காற்று தேவைப்படப் பல நிமிடங்கள் ஆகும். இத்தனை காற்றையும் காகித ஃபில்டர் வழியாக இழுத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டிவிடும். டேக்-ஆஃபின்போது சுகோயின் காற்று வாயில் ஒரு கம்பிவலை எழுந்து நிற்கும். அது கல்லைத் தடுக்கும், மாவு போன்ற மணலை விட்டுவிடும்.

உள்ளே போன மணல் முதலில், காற்றை அழுத்தும் முன்பகுதியான கம்ப்ரசரின் பிளேடுகளுடைய முன்விளிம்பைத் தேய்க்கிறது. விளிம்பு மழுங்கினால் காற்று பிளேடை ஒட்டி ஓடாது. அழுத்தம் குறையும், அதே தள்ளுவிசைக்கு அதிக எரிபொருள் செலவாகும். நிலைமை முற்றினால் காற்று பின்னோக்கி வெடித்துத் திரும்பும். இதற்கு ‘சர்ஜ்’ என்று பெயர்.

பெரிய ஆபத்து பின்னால்தான் இருக்கிறது. கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் கலந்த மணல்தூள் சுமார் 1200 டிகிரி செல்சியஸில் உருகும். நவீன எஞ்சின்களில், எரிந்த வாயுவால் சுழலும் பின்பகுதியான டர்பைனுக்குள் நுழையும்போது அந்த வாயு 1400 டிகிரியைத் தொடும். உருகிய மணல் பிளேடில் கண்ணாடியாகப் படிந்து, வெப்பத்தைத் தடுக்கும் சிர்கோனியாப் பூச்சுக்குள் ஊறிவிடுகிறது. எஞ்சின் ஆறும்போது பூச்சு செதிலாக உரிகிறது. பிளேடைக் குளிர்விக்கும் நுண்துளைகளும் அடைபடும். பழைய மிக்-21இன் டர்பைன் இவ்வளவு சூடாகாது, அதனால் இந்தத் தொல்லை அதற்குக் குறைவு. பார்மர் அருகே உத்தர்லாய் தளத்தில் விமானப்படையின் 4ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) 2023 அக்டோபர் வரை, மிக்-21இன் மேம்படுத்திய வகையான பைசனை ஓட்டியது.

ஹெலிகாப்டர் தரையோரம் புழுதிக்குள்ளேயே வேலை செய்வது. நல்லவேளையாக அதன் எஞ்சினுக்குக் காற்று குறைவாகவே வேண்டும். எம்ஐ-17இன் காற்று வாயில் கவிந்திருக்கும் காளான் போன்ற மூடியைக் கவனித்திருப்பீர்கள். அது காற்றைச் சட்டென்று வளைக்கிறது. திருவொற்றியூர் தேரடி திருப்பத்தில் பஸ் வளையும்போது நிற்பவர் வெளிப்பக்கம் சாய்கிறாரே, அதுபோலக் கனமான மணல் வளைய முடியாமல் வெளியோரம் ஒதுங்கும். அதைத் தனிக்குழாய் உறிஞ்சி வெளியே தள்ளும். இதற்குக் கொஞ்சம் எஞ்சின் சக்தி செலவாகும்.

போர் விமானத்துக்கு அந்த வசதி இல்லாததால் ஸ்குவாட்ரனின் ஒழுக்கமே அதற்கு ஃபில்டர். ஸ்டார்ட் செய்வதற்குச் சற்று முன்புதான் காற்று வாயின் மூடியைக் கழற்ற வேண்டும். ரன்வேயை உறிஞ்சு வண்டியால் கூட்டியாக வேண்டும். முன்னால் போகும் விமானம் கிளப்பும் புழுதி அடங்க இடைவெளி விட்டே அடுத்தது நகரும். பறப்பை விடியலில் வைத்துக்கொண்டால் வெப்பத்துக்கும் நல்லது. 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ, 45 டிகிரியில் சுமார் 1.11 கிலோ. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் ஒன்பது சதவீதம் காற்று குறைகிறது என்றால், ரன்வேயில் அதிக தூரம் ஓட வேண்டும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டும்.

குறிப்பிட்ட மணிநேரப் பறப்புக்குப் பிறகு போரோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டு பிளேடுகளைப் பார்ப்பார்கள். கம்ப்ரசரைக் கழுவ, முதலில் எஞ்சினை ஆறவிட்டு, பற்றவைக்காமல் ஸ்டார்டரால் மட்டும் சுழற்றி நீரைத் தெளிக்க வேண்டும். பிறகு ஓடவிட்டு உலர்த்த வேண்டும். அந்த நீர் உப்பு நீக்கியதாக இருப்பது கட்டாயம். மேற்கு ராஜஸ்தானின் நிலத்தடி நீர் பல இடங்களில் நம் எண்ணூர் போர்வெல் தண்ணீரைப் போலவே உப்பு கரிக்கும். அதைக் கொண்டு கழுவினால், தங்கும் சோடியம் எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட்டாகி, டர்பைனின் நிக்கல் கலவையை அரித்துவிடும். கடலோரத் தளங்களில் உப்புக்காற்று செய்யும் சேதமும் இதேதான்.