தோட்டக் காவலுக்குத் துப்பாக்கி: மலையில் லைசென்ஸ் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

லைசென்ஸ் கையில் இருந்தால் தோட்டத்துக்குள் இறங்கும் கடமானையோ காட்டுப்பன்றியையோ சுடலாம் என்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இன்னும் பலர் நம்புகிறார்கள். சுடக் கூடாது. லைசென்ஸ் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி கிடைப்பது. துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே அது அனுமதி. விலங்கு விஷயத்தில் பேசுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்த மலைகளின் மான்களும் காட்டுப்பன்றியும் அதன் முதல் இரண்டு அட்டவணைகளுக்குள், அதாவது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியல்களுக்குள், வந்துவிட்டன. சுட முயல்வதும் கண்ணி வைப்பதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். குறி தப்பிவிட்டது என்று சொல்லி வழக்கிலிருந்து தப்ப முடியாது. முதல் அட்டவணை விலங்கு என்றாலோ, சம்பவம் சரணாலயத்துக்குள் நடந்தாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், சில வழக்குகளில் இரண்டும்.

உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் காத்தது அந்தக் கணக்கில் சேராது. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவது வனத்துறைதான், விவசாயி அல்ல.

அப்படியானால் லைசென்ஸ் எதற்கு? தற்காப்புக்கு, இன்னொன்று பயிர்க் காவலுக்கு. பயிர்க் காவலுக்கு ஆயுதச் சட்டம் முதலில் சொல்வது, குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று கலெக்டருக்குத் திருப்தி ஏற்பட்டால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரி இல்லாத வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு, அதாவது நாம் பார்க்கும் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) சிங்கிள் பேரல், டபுள் பேரலுக்கு, அனுமதி தரலாம்.

விண்ணப்பிக்க 21 வயது முடிந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணைத்துக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை. சமவெளிக்காரருக்குப் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். மலையில் இன்னொரு படி உண்டு, மனுக்கள் மாதக்கணக்கில் தேங்குவதற்கு அது ஒரு காரணம். வன உயிரினச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய லைசென்ஸ் தர முதன்மை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். முதுமலை, முக்குர்த்தி, 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் சரணாலயம் ஆகியவற்றைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரைந்து பாருங்கள், மலையில் எவ்வளவு இடம் மிஞ்சும்? ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவரும் சும்மா இருக்க முடியாது. சரணாலயம் அறிவிக்கப்பட்ட 3 மாதத்துக்குள் தன் பெயரை வனத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கி உள்ள வீடுகளில் இந்தப் பதிவு நடந்ததா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

குடகில் லைசென்ஸே வேண்டாமாமே என்று கூடலூர்ப் பக்கம் கேட்பார்கள். அந்த விலக்கு கொடவர்களுக்கும் குடகின் ஜம்மா நிலம் (பரம்பரை உரிமை நிலம்) உடையவர்களுக்கும் மட்டும்.

ரைபிள், அதாவது குழலுக்குள் வரி உள்ள துப்பாக்கி, கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேசான, வேகமான குண்டு மானுக்கு நல்லது என்று இணையத்தில் படிப்பதெல்லாம் மான் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளின் பேச்சு. அங்கே .243 அங்குல ரைபிளில் 100 கிரெயின் (ஏறத்தாழ 6.5 கிராம்) குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 200 மீட்டரில் அதிகம் தாழாது என்பதால் அதை விரும்புகிறார்கள். மென்மையான குண்டாக இருந்தால் அருகில் தோள் எலும்பில் பட்டு உடைந்துபோகும் என்பது அதன் குறை. இங்கே அந்தக் கணக்குக்கே இடமில்லை. .303, 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவை ஏற்கும் ரைபிள்கள் தடைசெய்யப்பட்ட வகை, .308-உம் அதில் அடங்கும். .315 தடையில்லாத வகைதான். ஆனால் தேயிலைச் சரிவில் தவறிய ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கும். காவலுக்கு அது பொருந்தாது.

12 போரில் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்டேட்டுகளில் கிடக்கும் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். கடையில் இன்று கிடைப்பதோ பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் தோட்டா. வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது தடையின்றி உள்ளே போய்விடும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிந்து அறையின் குறுகலான முனையை அடைக்கும். அழுத்தம் ஏறும், குழல் வீங்கலாம், பிளக்கவும் செய்யலாம். குழலைக் கழற்றி அடிப்புறத் தட்டையில் பொறித்திருக்கும் அளவைப் படித்துவிட்டுத் தோட்டா வாங்குங்கள். காகித உறைத் தோட்டா மழைக்கால ஈரத்தில் ஊதி அறையில் சிக்கும், அதைத் தட்டி ஏற்றாதீர்கள். ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்ற இரண்டு எண்களும் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும்.

எடுத்துச் செல்வதிலும் கவனம் வேண்டும். கூடலூரிலிருந்து தொரப்பள்ளி, தெப்பக்காடு வழியாக மசினகுடிக்குத் துப்பாக்கியோடு போனால் முதுமலைக்குள் நுழைகிறீர்கள். 31-ஆவது பிரிவுப்படி எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் போகக் கூடாது. லைசென்ஸ் இருக்கிறதே என்ற பதில் செக்போஸ்ட்டில் எடுபடாது.

2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும், ஒருவர் வைத்திருக்கக்கூடியது 2 துப்பாக்கி. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுங்கள். யுஐஎன் எண் (லைசென்ஸ்தாரரின் தனி அடையாள எண்) ஏறாத பழைய லைசென்ஸ் புத்தகம் செல்லாது. அப்பா இறந்துவிட்டால் துப்பாக்கி தானாகப் பிள்ளைக்கு வராது. தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவுக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அவர் 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். அதற்கும் கலெக்டர் அலுவலகத்தில்தான் மனு.