விடியற்காலையில் மட்டும் அடம்பிடிக்கும் அவுட்போர்டு மோட்டார்

மார்கழி வாடை வீசும் விடியற்காலை 3 மணி. படகைத் தண்ணீரில் இறக்கியாயிற்று. அமரத்தில் மாட்டியிருக்கும் பழைய அவுட்போர்டு மோட்டாரின் கயிற்றை ஒருவர் இழுக்கிறார். 10 முறை, 20 முறை, 30 முறை. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கிறது. மோட்டாரோ ஒரு இருமலோடு அடங்கிவிடுகிறது. அதே மோட்டார் முற்பகலில், வலையை இழுத்து ஏற்றிவிட்டுக் கரை திரும்பக் கிளம்பும்போது, அரை இழுப்பில் பிடித்துக்கொள்ளும். பழுது என்றால் எப்போதும் பழுதாகத்தானே இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

திரவமாக இருக்கும் எண்ணெயை இன்ஜின் எரிப்பதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்து, அந்தக் கலவைதான் தீப்பொறி பட்டு எரிகிறது. பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய் அப்படியில்லை, 35 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அதன் ஆவி பற்றும். நம் கரையோரத்தில் மார்கழி விடியலில் வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டி இருக்கும். பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு இது கடுங்குளிர்.

தமிழகக் கரையில் ஃபைபர் படகுகளிலும் வள்ளங்களிலும் ஓடும் பழைய மோட்டார்களில் பல, மானிய விலை மண்ணெண்ணெயில் ஓடுபவை. அவற்றைப் பெட்ரோலில் கிளப்பி, உலோகம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் தாராளமாக ஆவியாகும். இதன் மறுபாதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கரையை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். அப்போதுதான் எண்ணெயைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். மீனை ஏலத்துக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால், மறுநாள் காலை எத்தனை முறை இழுத்தாலும் இன்ஜினுக்குள் போவது அந்த மண்ணெண்ணெய்தான். கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு குப்பியில் வடித்துவிட்டு, புதுப் பெட்ரோலை ஏற்றிப் பாருங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் வேறு எதையும் கழற்றாதீர்கள் என்பேன்.

பெட்ரோலும் பழசானால் கெடும். அது பல பொருள்களின் கலவை. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிதான் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புகிறது, டேங்க்கிலிருந்து முதலில் பறந்துபோவதும் அதுதான். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் மணக்கும், சூடான இன்ஜினை ஓட்டக்கூடச் செய்யும்; காலையில் மட்டும் கைவிடும். இப்போது பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால், கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். எண்ணெய் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

நல்ல பெட்ரோலாகவே இருந்தாலும் குளிர்ந்த இன்ஜினில் அதன் ஒரு பகுதிதான் ஆவியாகும். மிச்சம் துளிகளாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பழைய மோட்டார்கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகை. அதில் கலவை நேரே சிலிண்டருக்குப் போவதில்லை; பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள கிராங்க் அறையைச் சுற்றித்தான் போகிறது. அவ்வளவு குளிர்ந்த உலோகத்தையும் தடவிக்கொண்டு போவதால் வழியில் நிறைய இழக்கிறது. அதை ஈடுகட்டத்தான் சோக். காற்று நுழையும் வாயை மூடினால் உள்ளே உறிஞ்சும் வேகம் கூடி, பெட்ரோல் அதிகம் வரும். பழைய மோட்டாரில் சோக் குமிழை முழுதாக இழுத்திருப்போம். ஆனால் கம்பி நெகிழ்ந்துபோய் உள்ளே இருக்கும் தகடு முக்கால்வாசிதான் மூடியிருக்கும். முன்மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

இனி தீப்பொறி தரும் பிளக். சில முறை இழுத்த பின் அதைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. எண்ணெய்க் குழாயின் நடுவே உள்ள ரப்பர் பம்ப்பை அழுத்தும்போது அது கெட்டிப்பட வேண்டும். தொளதொளவென்றே இருந்தால் அதன் வால்வு போயிருக்கலாம், அல்லது இணைப்பில் காற்று நுழையலாம். இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது: மோட்டார் உறிஞ்சும்போது காற்று உள்ளே போகுமே தவிர, பெட்ரோல் வெளியே சொட்டாது. இரவில் குழாயிலிருக்கும் பெட்ரோல் மெதுவாக டேங்க்குக்கே இறங்கிவிடும்.

பிளக் நனைந்திருந்தால் சந்தேகம் தீப்பொறியின் மேல். பழைய மோட்டாரில் பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம், காயில் என்னும் கம்பிச் சுருளைக் கடக்கும் வேகத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது. கையால் இழுக்கும்போது வேகம் குறைவு, மின்னழுத்தமும் குறைவு. பிளக்கில் கரி படிந்திருந்தால், அந்தக் கரி வழியே மின்சாரம் கசிந்துவிடும், இடைவெளியைத் தாண்டாது. ஓடும் மோட்டாரில் வேகம் அதிகம், அதனால் கசிந்தது போக மிச்சமே போதுமாகிவிடுகிறது. உப்புக்காற்றில் பாயின்ட், அதாவது பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை, பூத்துப்போனாலும் இதே கதைதான். பிளக்கை இன்ஜின் உலோகத்தில் சாய்த்துத் தீப்பொறி பார்க்கும்போது, ஒன்றை மறக்கக்கூடாது: வெளிக்காற்றில் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் தாண்டாமல் போகலாம். அங்கே இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால், பொறியை அதிலிருந்து தள்ளியே பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால், ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு தேக்கரண்டி பிளக் ஓட்டையில் விட்டு இழுக்கலாம். பிடித்து உடனே அணைந்தால் குறை எண்ணெய் வரும் வழியில்தான். அப்போதும் பிடிக்காமல், கயிறு கைக்கு லேசாக வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் திரும்பித் தெறித்தால், கிராங்க் அறைக்கு முன்னால், கலவை திரும்பிவராமல் தடுக்கும் மெல்லிய ரீட் வால்வு விரிசல் விட்டிருக்கலாம். கரையில் சிலர் உடனே ஈதர் ஸ்ப்ரேயை அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே மசகு. ஈதரில் அது இல்லை, போதாததற்கு ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஆயிலையும் அது கழுவிவிடும்.