ஹிஸ்டெரிசிஸ்: கருவிழியின் ‘தயக்கம்’

கெரட்டோகோனஸ் என்ற கண்நோய்க்காக கிராஸ்லிங்கிங் சிகிச்சை எடுத்துக்கொண்டவரின் பரிசோதனை அறிக்கையில் ‘கார்னியல் ஹிஸ்டெரிசிஸ்’ என்று ஒரு வரி இருக்கலாம். பக்கத்தில் 8.1 என்பதுபோல் ஓர் எண். இதைத் தமிழில் ‘கருவிழியின் உறுதி’ என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதினால் படிப்பவர் வீணாகப் பயந்துபோவார்.

முதலில் நோயின் பெயர். கிரேக்கத்தில் ‘கெராஸ்’ என்றால் கொம்பு, ‘கோனோஸ்’ என்றால் கூம்பு. கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தைக் கொம்புப் பொருளோடு ஒப்பிட்டு அந்தக் காலத்தில் பெயர் வைத்தார்கள். கார்னியா என்ற லத்தீன் பெயரிலும் அதே கொம்புதான். அந்தப் படலம் மெலிந்து, கூம்புபோல் முன்தள்ளுவது கெரட்டோகோனஸ். தமிழில் ‘கூம்புக் கருவிழி’ எனலாம். கார்னியாவுக்கு ‘விழிவெண்படலம்’ என்ற கலைச்சொல் இருக்கிறது. ஆனால் பேச்சில் எல்லோரும் கருவிழி என்றே சொல்வதால் நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, ஹிஸ்டெரிசிஸ். ‘ஹிஸ்டெரோஸ்’ என்றால் பிந்தியது, பின்னால் வருவது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூவிங் 1880களின் தொடக்கத்தில் டோக்கியோவில் பேராசிரியராக இருந்தபோது, இரும்பு காந்தமாவதை ஆராய்ந்தார். காந்தப்புலத்தைக் கூட்டிவிட்டுக் குறைத்தால் இரும்பின் காந்தத்தன்மை போன வழியே திரும்பவில்லை, பின்தங்கியே வந்தது. அந்தப் பின்தங்கலுக்கு அவர் வைத்த பெயர்தான் ஹிஸ்டெரிசிஸ். ஹிஸ்டீரியாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கருப்பையைக் குறிக்கும் ‘ஹிஸ்டெரா’விலிருந்து வந்தது.

தமிழ் இயற்பியல் பாடநூல்களில் இதற்குத் ‘தயக்கம்’ என்று பெயர்: காந்தத் தயக்கம், தயக்கக் கண்ணி. அருமையான தேர்வு. தயங்குகிறவர் வரமாட்டேன் என்று சொல்வதில்லை. வருவார், ஆனால் உடனே வரமாட்டார். ‘பின்னடைவு’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் மருத்துவ அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் நோய் முற்றிவிட்டதோ என்று நெஞ்சு பதறும்.

நுரைமெத்தையில் கட்டைவிரலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பள்ளம் உடனே நிரம்பாது, மெதுவாக எழும். கருவிழியும் அப்படித்தான். 2005 வாக்கில் வந்த ‘ஆக்குலர் ரெஸ்பான்ஸ் அனலைசர்’ என்ற கருவி, கண்ணைத் தொடாமல் ஒரு காற்றுத்துடிப்பைச் செலுத்துகிறது. எல்லாம் சுமார் 20 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். உள்ளே போகும் வழியில் கருவிழி ஒரு கணம் தட்டையாகிறது; பிறகு லேசாகக் குழிந்து, திரும்பி எழும்போது மறுபடி தட்டையாகிறது. இரண்டு தட்டைக் கணங்களிலும் காற்றின் அழுத்தம் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசம்தான் தயக்கம். காற்றுத்துடிப்பின் ஆற்றலில் ஒரு பகுதியைத் திசு உறிஞ்சிக்கொண்டது என்று அர்த்தம். நலமான கண்ணில் இது சராசரியாக 10, 11 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். கூம்புக் கருவிழியில் பொதுவாக அதைவிடக் குறைவு.

இப்போது சிகிச்சை. கிராஸ்லிங்கிங் என்பதற்கு ‘குறுக்குப் பிணைப்பு’ கச்சிதமான சொல். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான முறை இது: ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டுமருந்து ஊறிய கருவிழியில் புற ஊதா ஏ ஒளியை 30 நிமிடம் பாய்ச்சுவார்கள், கருவிழியிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு இடையே புதிய பிணைப்புகள் உண்டாகும். 2003இல் வெளியான ஆய்வகச் சோதனையில் மனிதக் கருவிழிப் பட்டைகளின் விறைப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

அப்படியென்றால் சிகிச்சைக்குப் பின் தயக்க எண்ணும் ஏற வேண்டும் அல்லவா? பல ஆய்வுகளில் அது குறிப்பிடும்படி ஏறவில்லை. காரணம் கழித்தல் கணக்கிலேயே இருக்கிறது. உதாரணத்துக்கு, முன்பு 18, 10 என்று இருந்த இரண்டு அழுத்தங்களும் சிகிச்சைக்குப் பின் 20, 12 ஆனால், வித்தியாசம் அதே 8தான். விறைப்பு என்பது எவ்வளவு எதிர்க்கிறது என்பது. தயக்கம் என்பது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது. ஒன்று கூடினால் மற்றதும் கூடியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அதனால்தான் ‘உறுதி’ என்ற மொழிபெயர்ப்பை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ‘கருவிழி உறுதி: 8, மாற்றமில்லை’ என்று படிப்பவர் சிகிச்சை வீண் என்றே நினைப்பார். ‘கருவிழித் தயக்கம்’ என்று எழுதி, விறைப்பைத் தனி வரியில் தரவேண்டும். நொடிக்கு 4,300க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, கருவிழி குழிவதைப் பதிவுசெய்யும் ‘கார்விஸ்’ போன்ற கருவிகள் விறைப்புக்கென்றே தனிக் குறியீடுகள் தருகின்றன. அப்புறம், நோய் நின்றதா என்பதை மருத்துவர் முதன்மையாகப் பார்ப்பது வளைவு வரைபடத்தில்: கூம்பின் மிகச் செங்குத்தான இடத்து வளைவைக் காட்டும் டயாப்டர் எண் மாதக்கணக்கில் ஏறாமல் இருக்கிறதா என்று.