அசாம் பெடாஸ் சாப்பிடலாம், குழம்பில்தான் கவனம்

"தேங்காய்ப்பால் சேராத குழம்புதானே, தாராளமாகச் சாப்பிடலாமா?" இரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். மலேசியாவில் மலாக்கா, மூவார் பக்கம் வளர்ந்தவர்களிடம் அசாம் பெடாஸை, அதாவது அந்தப் புளிப்பும் காரமுமான மலாய் மீன் குழம்பை, விடச் சொன்னால் மனசு ஒப்பாது. உணவியல் ஆலோசகராக எனக்கும் அப்படிச் சொல்ல விருப்பமில்லை. நல்ல சாப்பாடு அது.

கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் போட்டால் புரதத்தோடு ஒமேகா 3 கொழுப்பும் கிடைக்கும். சால்மன்தான் வேண்டும் என்று காசைக் கொட்ட வேண்டியதில்லை. திருக்கை என்றால் கொழுப்பு குறைவு. கூடவே வெண்டைக்காயும் தக்காளியும் வேகின்றன. மிளகாய் விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்குவதால் மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள்.

எனக்குக் கவலை உப்பில்தான். பெலாச்சான் என்ற இறால் விழுதிலேயே உப்பு அதிகம். அதன்மேல் கல்லுப்பு, சில கடைகளில் சுவையூட்டித் தூள் வேறு. இதில் பெரும்பகுதி குழம்பில்தான் கரைந்து நிற்கிறது. நாமோ 'குவா பஞ்சிர்' (குழம்பு வெள்ளமாக) கேட்டு, சோறு மிதக்க ஊற்றிச் சாப்பிடுகிறோம்! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2017-18இல் எடுத்த தேசிய ஆய்வில் மலேசியர்களின் சராசரி 7.9 கிராம். அதனால் மீனையும் காயையும் நிறையப் போட்டுக்கொள்ளுங்கள், குழம்பு இரண்டு மூன்று கரண்டி போதும்.

வீட்டில் சமைத்தால் இன்னும் வசதி. உப்பைக் குறைத்தாலும் சப்பென்று போகாத குழம்பு இது. பெலாச்சானைப் பாதியாக்கி, கெசும் என்ற வாசனை இலையைக் கைப்பிடியாகப் போடுங்கள். புங்கா கந்தான் (இஞ்சி வகைப் பூ) மொட்டை நீளவாக்கில் பிளந்து கொதியில் விட்டால் வாசனை தூக்கும். அசாம் கெப்பிங் (புளிப்புக்காகச் சேர்க்கும் உலர்ந்த பழத் துண்டு) வில்லைகளைப் புளிப்பு போதுமானதும் எடுத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும், அதைச் சரிக்கட்டச் சீனி அள்ளிப் போட வேண்டிவரும். உப்பு கடைசியில்தான், மீன் வெந்து ருசி பார்த்த பிறகு.

பாக்கெட் விழுது வாங்கினால் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள், அப்புறம் தனியாக உப்பு போடவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. புளியிலும் தக்காளியிலும் பொட்டாசியம் இருப்பதால், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை இரத்தப் பரிசோதனை முடிவோடு உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.